முகவரி இருந்தால் போதாது: கிளாஸ் ஆக்‌ஷன் வழக்கு ஃபெடரல் கோர்ட்டுக்குப் போகும்போது மாநிலக் குடியுரிமையைக் காட்டுவது எப்படி

அமெரிக்காவில் ஒரு மாநில கோர்ட்டில் பெரிய கம்பெனி ஒன்றின் மேல் கிளாஸ் ஆக்‌ஷன் தாக்கலாகிறது என்று வையுங்கள். ஒரே மாதிரி பாதிக்கப்பட்ட ஆயிரக்கணக்கானவர்களுக்காக ஒருவரோ இருவரோ முன்னின்று போடும் கூட்டு வழக்கு அது. அடுத்த சில வாரங்களில் கம்பெனி அதை ஃபெடரல் கோர்ட்டுக்கு மாற்றிக்கொண்டு போகும், வாதி தரப்பு திரும்பவும் மாநில கோர்ட்டுக்கே அனுப்பச் சொல்லி மனு போடும். இந்த இழுபறியின் முடிவுக்கும் கம்பெனி தப்பு செய்ததா இல்லையா என்பதற்கும் சம்பந்தமே இல்லாமல் போகலாம். கிளாஸ் எனப்படும் அந்தப் பாதிக்கப்பட்டோர் கூட்டத்தில் உள்ளவர்களில் எத்தனை பேர் அந்த மாநிலத்தின் குடிமக்கள், அதற்கு என்ன ஆதாரம் என்ற ஒரே கேள்வியில் எல்லாம் நின்றுவிடும்.

எல்.எல்.எம். முடித்துவிட்டு அமெரிக்க வக்கீல் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்தவர்கள், பாராலீகல்கள் என்கிற வக்கீல் உதவியாளர்கள், சென்னையில் இருந்தபடி அந்த ஊர் வழக்குகளுக்கு ஆவணம் பார்ப்பவர்கள் ஆகியோரை மனதில் வைத்து எழுதுகிறேன். உங்கள் கையில் இருக்கும் வழக்குக்கு அந்தந்த சர்க்யூட்டின், அதாவது அந்தப் பகுதிக்கான ஃபெடரல் மேல்முறையீட்டு கோர்ட்டின், தீர்ப்புகளைத் தனியாகத் தேடிப் பார்த்துக்கொள்ளுங்கள். இங்கே இருப்பது வேலையின் வரிசையும், எங்கெங்கே வழக்கமாகச் சறுக்குகிறார்கள் என்பதும்.

முதலில் சட்டம்

2005 பிப்ரவரியில் ஜார்ஜ் டபிள்யூ. புஷ் கையெழுத்திட்ட கிளாஸ் ஆக்‌ஷன் ஃபேர்னஸ் ஆக்ட்தான் எல்லாவற்றுக்கும் மூலம். சுருக்கமாகக் காஃபா என்பார்கள். அதற்கு முன்பு, இரு தரப்பும் வேறு வேறு மாநிலத்தவர் என்ற காரணத்தைச் சொல்லி ஃபெடரல் கோர்ட்டுக்குப் போகவேண்டுமானால், முன்னின்று வழக்குப் போட்டவர்களில் ஒருவர்கூட எந்தப் பிரதிவாதியின் மாநிலத்தையும் சேர்ந்தவராக இருக்கக் கூடாது. காஃபா இதைத் தலைகீழாக்கியது. கூட்டத்தில் 100 பேராவது இருக்கவேண்டும், எல்லோருடைய கோரிக்கையையும் கூட்டினால் 50 லட்சம் டாலருக்கு மேல் வரவேண்டும், கூட்டத்தில் யாரோ ஒருவர் ஏதோ ஒரு பிரதிவாதியிலிருந்து வேறுபட்ட மாநிலத்தவராக இருக்கவேண்டும். இந்த மூன்றும் இருந்தால் போதும். அந்த ஒருவர் வெளிநாட்டுக் குடிமகனாக இருந்தாலும் சரி. ஹெச்-1பி விசாவில் இருக்கும் ஒரு இந்திய வாடிக்கையாளர் கூட்டத்தில் இருந்தாலே இந்த மூன்றாவது நிபந்தனை நிறைவேறிவிடும்.

ஆனால் முழுக்க முழுக்க உள்ளூர் விவகாரங்களையும் ஃபெடரல் கோர்ட் இழுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்காகச் சில விதிவிலக்குகளை அதே சட்டம் வைத்திருக்கிறது. நமக்கு வேலை அங்கேதான்.

யார் எதை நிரூபிக்கவேண்டும் என்பதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள்

புதியவர்கள் முதலில் தடுமாறுவது இங்கே. வழக்கை ஃபெடரல் கோர்ட்டுக்குக் கொண்டுபோகிற கம்பெனிதான், இந்த கோர்ட்டுக்கு அதிகாரம் இருக்கிறது என்று காட்டவேண்டும். அதுவும் ஆரம்பத்தில் ரொம்ப லேசான சுமை: 2014இல் டார்ட் செரோகி வழக்கில் உச்ச நீதிமன்றம், மாற்றும் நோட்டீசில் நம்பத்தக்க விதத்தில் சொன்னாலே போதும், எதிர்த்தரப்பு மறுத்தால் பிறகு ஆதாரம் காட்டினால் சரி என்றது. காஃபா வழக்குகளில் மாற்றத்துக்கு எதிரான அனுமானம் எதுவும் கிடையாது என்றும் அதே தீர்ப்பில் சொன்னது.

விதிவிலக்கு என்று வரும்போது சுமை தோள் மாறுகிறது. திருப்பி அனுப்பச் சொல்கிறவர்தான், அதாவது பெரும்பாலும் வாதி, விதிவிலக்கு பொருந்துகிறது என்று நிரூபிக்கவேண்டும். ஏழாவது சர்க்யூட் 2006இல் ஃபெடெக்ஸ் கிரவுண்ட் வழக்கில் இப்படித்தான் சொன்னது, மற்ற சர்க்யூட்டுகளின் நிலையும் இதுதான். இதில் இருக்கிற வேடிக்கையைக் கவனியுங்கள்: வாடிக்கையாளர் பட்டியல், பில் அனுப்பிய முகவரி, ஊழியர் பதிவேடு எல்லாம் கம்பெனியின் கம்ப்யூட்டரில் இருக்கிறது, கூட்டத்தில் யார் யார் எந்த மாநிலத்தவர் என்று நிரூபிக்கவேண்டியவர் அந்தப் பட்டியலைக் கண்ணால் பார்த்திராத வாதி. எனக்கு இது நியாயமாகப் படவில்லை. ஆனால் அதைச் சொல்லிப் புலம்புவதில் பயனில்லை, அதற்கேற்ப வேலையைத் திட்டமிடவேண்டியதுதான்.

நிரூபணத்தின் அளவு, சொல்வது உண்மையாக இருப்பதற்கே வாய்ப்பு அதிகம் என்ற சிவில் வழக்கு அளவுதான். குற்ற வழக்குபோலச் சந்தேகத்துக்கு இடமில்லாமல் காட்டவேண்டியதில்லை.

எந்த விதிவிலக்கு என்று முடிவு செய்யுங்கள்

குடிமக்களை எண்ணிப் பார்க்கிற விதிவிலக்குகள் மூன்று இருக்கின்றன, மூன்றும் 28 யு.எஸ்.சி. (அமெரிக்கச் சட்டத் தொகுப்பின் 28ஆம் பகுதி) 1332(டி) பிரிவுக்குள்ளேயே. உள்ளூர் விவகார விதிவிலக்கில் கூட்டத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கு *மேல்* வழக்குப் போட்ட மாநிலத்துக் குடிமக்களாக இருக்கவேண்டும். கூடவே, கணிசமான நிவாரணம் கேட்கப்படுகிற, வழக்குக்கு முக்கியக் காரணமான ஒரு பிரதிவாதியாவது அதே மாநிலத்தவராக இருக்கவேண்டும், முக்கியப் பாதிப்புகள் அந்த மாநிலத்தில் நடந்திருக்கவேண்டும், முந்தைய 3 ஆண்டுகளில் அந்தப் பிரதிவாதிகளில் எவர் மேலும் இதே மாதிரி குற்றச்சாட்டோடு வேறு கிளாஸ் ஆக்‌ஷன் வந்திருக்கக் கூடாது. கடைசி நிபந்தனையைப் பலர் மறந்துவிட்டு, மனுவெல்லாம் தயாரான பிறகு தேடுகிறார்கள். முதல் நாளே தேடுங்கள்.

சொந்த மாநில விதிவிலக்கில் மூன்றில் இரண்டு பங்கு *அல்லது அதற்கு மேல்* போதும், ஆனால் முதன்மைப் பிரதிவாதிகளும் அதே மாநிலத்தவராக இருக்கவேண்டும். இந்த இரண்டிலும் நிபந்தனைகள் சரியாக இருந்தால் கோர்ட் திருப்பி அனுப்பியே ஆகவேண்டும்.

மூன்றாவது, நீதிபதியின் விருப்பத்துக்கு விடப்பட்டது. மூன்றில் ஒரு பங்குக்கு மேல், மூன்றில் இரண்டு பங்குக்குக் குறைவு, முதன்மைப் பிரதிவாதிகளும் உள்ளூர் என்றால், சட்டம் சொல்லும் ஆறு அம்சங்களைப் பார்த்து நீதிபதி வேண்டுமானால் மறுக்கலாம். மூன்றில் இரண்டைத் தொடமுடியுமா என்று சந்தேகம் இருந்தால் இதை மாற்று வாதமாகவாவது மனுவில் சேர்த்துவிடுங்கள். 2005இன் கத்ரீனா புயலில் நியூ ஆர்லியன்ஸின் மெமோரியல் மருத்துவமனையில் சிக்கியவர்கள் சார்பில் வந்த வழக்கில், ஐந்தாவது சர்க்யூட் 2007இல் மூன்றில் இரண்டுக்கு ஆதாரம் போதாது என்று ஒரு தீர்ப்பிலும், மூன்றில் ஒன்றுக்கு அதே மாதிரி ஆதாரம் போதும் என்று இன்னொரு தீர்ப்பிலும் சொன்னது. எந்தக் கோட்டைத் தாண்டவேண்டும் என்பதைப் பொறுத்து ஒரே காகிதக் கட்டின் மதிப்பு மாறுகிறது.

எண்ணும்போது, வழக்கில் சொல்லப்பட்ட எல்லா கூட்டங்களையும் ஒன்றாகச் சேர்த்துத்தான் எண்ணவேண்டும். கலிஃபோர்னியா கூட்டம் ஒன்று, நாடு முழுவதுக்குமான கூட்டம் ஒன்று என்று இரண்டு வைத்துவிட்டு, முதல் கூட்டத்தை மட்டும் காட்டி விதிவிலக்கு கேட்கமுடியாது.

மாநிலக் குடிமகன் என்றால் யார்

இதில் இரண்டு பாதி இருக்கிறது, இரண்டும் வேண்டும். ஒன்று, அமெரிக்கக் குடிமகனாக இருக்கவேண்டும். இரண்டு, அந்த மாநிலத்தில் டொமிசைல் இருக்கவேண்டும், அதாவது அங்கே வசிக்கவும் வேண்டும், காலவரையின்றி அங்கேயே இருக்கும் எண்ணமும் வேண்டும். வெறுமனே வீடு எடுத்துத் தங்கியிருப்பது இரண்டாவது பாதியில் ஒரு துண்டுதான்.

1974இல் ஐந்தாவது சர்க்யூட் தீர்ப்பளித்த லூசியானா வழக்கு இதை நன்றாகக் காட்டும். பிரெஞ்சுக் கணவர், மிசிசிப்பியில் பிறந்து வளர்ந்த மனைவி, இருவரும் பேடன் ரூஜ் பல்கலைக்கழகத்தில் மேற்படிப்பு மாணவர்கள். வீட்டுக்காரர் மறுபக்கத்திலிருந்து ஊடுருவிப் பார்க்கக்கூடிய கண்ணாடி வைத்துத் தங்களை வேவு பார்த்தார் என்று வழக்கு. மனைவி லூசியானாவில் வசித்தார், ஆனால் படிப்பு முடிந்தும் அங்கேயே இருக்கும் எண்ணம் இல்லை, ஆகவே சட்டத்தின் கண்ணில் அவர் மிசிசிப்பிக் குடிமகளாகவே தொடர்ந்தார். மாணவர்கள், ராணுவத்தினர், குளிர்காலத்துக்கு மட்டும் ஃபுளோரிடா வரும் முதியவர்கள், இரண்டாவது வீடு வைத்திருப்பவர்கள் எல்லோரும் இந்த வகையில் வருவார்கள். முகவரி இங்கே இருக்கும், குடியுரிமை வேறு மாநிலத்தில்.

நம்மவர்களுக்கு நேரடியாகப் பொருந்துவது முதல் பாதி. டெக்சாஸில் பத்து வருடமாகச் சொந்த வீட்டில், பிள்ளைகள் அங்கேயே பள்ளிக்கூடம், ஓட்டுநர் உரிமம் டெக்சாஸ், வரி டெக்சாஸ் முகவரியில் என்று இருக்கிற கிரீன் கார்டுக்காரர் டெக்சாஸ் குடிமகன் இல்லை. ஹெச்-1பியில் இருப்பவரும் இல்லை. டல்லாஸ் புறநகரிலோ சான் ஹோசேயிலோ உள்ள அபார்ட்மென்ட் வாடகைதாரர்களுக்கான கூட்டு வழக்கில் இது கணக்கையே கவிழ்த்துவிடும். இதன் மறுபக்கம், வெளிநாட்டில் குடியேறிவிட்ட அமெரிக்கக் குடிமகன்: அவருக்கு எந்த மாநிலக் குடியுரிமையும் இல்லை. கூட்டத்தில் சிறு நிறுவனங்களும் இருந்தால், ஒரு கார்ப்பரேஷன் பதிவான மாநிலத்துக்கும் தலைமையிடம் உள்ள மாநிலத்துக்கும் குடிமகன். இறந்தவரின் சார்பில் வருபவருக்கு, இறந்தவரின் மாநிலம்தான்.

எந்தத் தேதிக்கு? வழக்கு மனு தாக்கலான தேதிக்கு. திருத்திய மனுவால்தான் முதன்முதலில் ஃபெடரல் அதிகாரம் வந்தது என்றால், அந்தத் திருத்திய மனு எதிர்த்தரப்புக்குச் சார்வு செய்யப்பட்ட (முறைப்படி சேர்ப்பிக்கப்பட்ட) தேதிக்கு. பொருள் வாங்கிய தேதிக்கோ வேலையில் சேர்ந்த தேதிக்கோ இல்லை. இதைப் பெரிய எழுத்தில் எழுதி மேசையில் ஒட்டிவைத்தாலும் தப்பில்லை, ஏனென்றால் கையில் கிடைக்கிற ஆவணங்கள் பெரும்பாலும் பழைய தேதியைத்தான் பேசும்.

வழக்குப் போடுவதற்கு முன்பே செய்யவேண்டியது

மாநில கோர்ட்டில்தான் இருக்கவேண்டும் என்று உறுதியாக நினைத்தால் மிக எளிய வழி, கூட்டத்தை வரையறுக்கும் வாக்கியத்திலேயே "கன்சாஸ் மாநிலக் குடிமக்கள்" என்று எழுதிவிடுவது. வசிப்பவர்கள் என்று இல்லை, குடிமக்கள் என்று. அப்போது நூற்றுக்கு நூறும் அந்த மாநிலத்தவர், எண்ணவே வேண்டாம். 2009இல் ஹன்னாஃபர்ட் பிரதர்ஸ் கார்டு தகவல் திருட்டு வழக்கில், ஃபுளோரிடா குடிமக்கள் என்று குறுக்கிக்கொண்ட கூட்டத்தை முதல் சர்க்யூட் ஏற்றுக்கொண்டது.

இதற்கு விலையும் உண்டு. குடிமக்கள் அல்லாத தொழிலாளிகள், வேறு மாநிலத்துக்குப் போய்விட்டவர்கள் எல்லோரையும் வெளியே தள்ளுகிறீர்கள். ஒரு சம்பளத் திருட்டு வழக்கில் அதிகம் ஏமாற்றப்பட்டவர்களே குடியேறிகளாக இருக்கக்கூடும், அவர்களை விட்டுவிட்டு மாநில கோர்ட்டில் தங்குவது யாருக்கு லாபம் என்று கட்சிக்காரரோடு உட்கார்ந்து பேசவேண்டும். வரையறை வாக்கியத்தை ஜூனியர் ஒருவரிடம் கொடுத்து எழுதச் சொல்கிற அலுவலகங்களைப் பார்த்தால் எனக்கு ஆச்சரியமாக இருக்கும், வழக்கு எங்கே நடக்கும் என்பது அந்த ஒரு வரியில் இருக்கிறது.

பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். 2017இல் ஒன்பதாவது சர்க்யூட்டுக்கு வந்த விசா கார்டு வழக்கில், கலிஃபோர்னியாவின் தனிநபர்கள், வணிகங்கள், பிற நிறுவனங்கள் என்று முதலில் விரிவாக எழுதியிருந்தார்கள். வழக்கு ஃபெடரல் கோர்ட்டுக்கு மாறிய பிறகு கலிஃபோர்னியா குடிமக்கள் மட்டும் என்று சுருக்கப் பார்த்தார்கள். செல்லாது என்றது கோர்ட். தொகையைக் குறைத்துச் சொல்லித் தப்பிக்கும் வழியும் அடைபட்டுவிட்டது: 50 லட்சம் டாலருக்கு மேல் கேட்கமாட்டோம் என்று முன்னிற்கும் வாதி எழுதிக்கொடுப்பது மற்றவர்களைக் கட்டாது என்று 2013இல் ஸ்டாண்டர்ட் ஃபயர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

முகவரியை மட்டும் நம்பியவர்கள் என்ன ஆனார்கள்

2010இல் ஸ்பிரிண்ட் நெக்ஸ்டெல் வழக்கு. குறுஞ்செய்திக் கட்டணத்தில் கம்பெனிகள் கூட்டுச் சேர்ந்து விலை நிர்ணயித்தன என்று குற்றச்சாட்டு. கன்சாஸ் செல்போன் எண், கன்சாஸ் பில் முகவரி, கன்சாஸ் மாநிலக் கட்டணம் ஒன்றைச் செலுத்தியிருப்பது என்று மூன்று வேலி போட்டுக் கூட்டத்தை வரையறுத்திருந்தார்கள். மூன்றில் இரண்டு பேராவது கன்சாஸ்காரர்களாகத்தானே இருப்பார்கள்? யாருக்கும் அப்படித்தான் தோன்றும். நீதிபதிகளுக்கும் தோன்றியது. ஆனாலும் ஏழாவது சர்க்யூட், இது அறிவுக்குப் பொருந்தும் ஊகம், ஆனால் ஊகம் ஊகம்தான் என்று தள்ளிவிட்டது. என்ன செய்திருக்கலாம் என்று அதே தீர்ப்பு வழியும் காட்டியது: தற்செயலாகப் பொறுக்கிய சிலரிடம் வாக்குமூலம் வாங்கியிருக்கலாம், அல்லது கன்சாஸ் குடிமக்கள் என்றே வரையறுத்திருக்கலாம்.

2013இல் கேபிடல் ஒன் ஆட்டோ ஃபைனான்ஸ் வழக்கு, ஒன்பதாவது சர்க்யூட். கலிஃபோர்னியாவில் சொந்த உபயோகத்துக்குக் கார் வாங்கி அங்கேயே பதிவு செய்தவர்கள். வாதி தரப்பு ஆதாரம் என்று ஒரு துண்டுக் காகிதமும் தரவில்லை, வரையறையைக் காட்டி, இதிலிருந்தே தெரியவில்லையா என்றது. தெரியவில்லை என்றது கோர்ட். நல்லவேளை, ஆதாரம் சேர்க்க இன்னொரு வாய்ப்பு கொடுத்தது.

2018இல் அதே சர்க்யூட்டில் கிரேட் அமெரிக்கன் சிக்கன் வழக்கு, தெற்குக் கலிஃபோர்னியாவில் கேஎஃப்சி கடைகளில் வேலை பார்த்தவர்களுடையது. இதில் இரு தரப்பும் ஒப்புக்கொண்டு ஒரு வாக்கியம் எழுதின: கூட்டத்தில் மூன்றில் இரண்டு பங்காவது கடைசியாகத் தெரிந்த முகவரி கலிஃபோர்னியாவில் உள்ளவர்கள் என்று. வாதி தரப்புக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்ததுபோல இருந்திருக்கும். ஆனால் கோர்ட் கேட்ட கேள்வி கூர்மையானது. கடைசி முகவரி கொடுத்ததற்கும் வழக்குப் போட்டதற்கும் இடையில் மாநிலம் மாறிப் போனவர்கள் இருப்பார்களே? கலிஃபோர்னியாவில் வாழ்ந்தாலும் அமெரிக்கக் குடிமக்கள் அல்லாதவர்கள் இருப்பார்களே? ஒரு சிலரைக் கழித்தாலும் மூன்றில் இரண்டுக்குக் கீழே போய்விடும், ஏனென்றால் ஒப்புக்கொண்ட அளவே அந்தக் கோட்டின் மேல்தான் நிற்கிறது. முகவரிகளில் 90 சதவீதம் என்று இருந்திருந்தால் கதை வேறு.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள், எண்கள் நானாக வைத்துக்கொண்டவை. பட்டியலில் 1,000 ஊழியர்கள், 800 பேருக்கு மாநிலத்துக்குள் முகவரி. அவர்களில் 60 பேர் இப்போது வேறு மாநிலத்தில், இன்னும் 110 பேர் குடிமக்கள் இல்லை. மீதி 630, அதாவது 63 சதவீதம். 80 சதவீத முகவரியோடு தொடங்கியவர் தோற்றுவிட்டார்.

நிறையப் பேரைப் பேட்டி கண்டாலும் போதாது என்பதற்கு 2006ஆம் ஆண்டின் வால்டர் இண்டஸ்ட்ரீஸ் வழக்கு, பதினொன்றாவது சர்க்யூட். அலபாமாவின் ஆனிஸ்டன் பகுதியில் தொழிற்சாலைகளால் வந்த மாசு பற்றியது. வாதி வக்கீல்கள் 10,118 பேரிடம் பேசினார்கள், அவர்களில் 5,200 பேர் கூட்டத்தைச் சேர்ந்தவர்கள், அவர்களில் 4,876 பேர், அதாவது 93.8 சதவீதம், அலபாமாவாசிகள். இவ்வளவு உழைப்பும் வீண். அந்த 10,118 பேரை எப்படிப் பொறுக்கினீர்கள் என்பதற்குப் பதில் இல்லை. குற்றச்சாட்டோ 85 ஆண்டு காலத்தைத் தழுவியது, அத்தனை வருடத்தில் ஊரைவிட்டுப் போனவர்கள் எத்தனை பேர் என்பது பற்றியும் ஒன்றும் இல்லை. ஊரில் இருப்பவர்களிடம் போய் ஊரில் இருக்கிறீர்களா என்று கேட்டால் ஆமாம் என்றுதானே வரும்!

எந்த சர்க்யூட் என்று பாருங்கள்

எல்லா இடத்திலும் இவ்வளவு கறார் இல்லை. ஆறாவது சர்க்யூட் 2016இல் மிச்சிகனின் ஃபிளின்ட் நகரத் தண்ணீர் வழக்கில், வசிப்பவர் என்றால் வேறுவிதமாகக் காட்டும்வரை குடிமகன் என்று அனுமானிக்கலாம் என்றது. ஈயம் கலந்த குழாய்த் தண்ணீரைக் குடித்த ஃபிளின்ட்வாசிகளும் அங்கே சொத்து வைத்திருந்தவர்களும்தான் கூட்டம், அந்த அனுமானத்தை உடைக்கும் ஆதாரம் எதையும் பிரதிவாதி தரவில்லை, வழக்கு மாநில கோர்ட்டுக்குத் திரும்பியது. ஒரு நீதிபதி இதற்கு மாறுபட்டு எழுதினார், படிக்கவேண்டிய எதிர்வாதம் அது. ஐந்தாவது சர்க்யூட் 2011இல் டெக்சாஸ் வாகனக் காப்பீட்டு வழக்கு ஒன்றில், கொஞ்சம் ஆதாரத்தோடு பொதுப்புத்தியையும் சேர்த்துக்கொள்ள இடம் கொடுத்தது.

ஆகவே சிகாகோவில் தோற்கும் மனு டெட்ராய்ட்டில் ஜெயிக்கலாம். ஆனாலும் என் யோசனை, எந்த சர்க்யூட்டாக இருந்தாலும் ஏழாவது சர்க்யூட் கேட்கிற அளவுக்கு ஆதாரம் சேருங்கள் என்பதுதான். அதிகம் செலவாகாது, மேல்முறையீட்டில் நிம்மதி.

சாம்பிள் எடுப்பது

வரையறையில் குடிமக்கள் என்று எழுதவில்லை, கூட்டமோ பெரியது என்றால், வேறு நல்ல வழி இல்லை. 2014இல் வெல்பாயின்ட் காப்பீட்டு வழக்கிலும் ஏழாவது சர்க்யூட் இதையேதான் சொன்னது: பாலிசிதாரர்களில் சிலரைத் தற்செயலாகப் பொறுக்கி விசாரித்திருக்கலாமே, ஏன் செய்யவில்லை?

முதலில் பட்டியல் வேண்டும். வழக்கு மாறிய உடனே, குடியுரிமை விஷயத்துக்கு மட்டுமான டிஸ்கவரிக்கு, அதாவது எதிர்த்தரப்பிடமிருந்து ஆவணங்களைக் கேட்டு வாங்கும் நடைமுறைக்கு, அனுமதி கேளுங்கள். நிறையக் கேட்டால் நீதிபதி முகம் சுளிப்பார், குறிப்பாகக் கேளுங்கள்: கூட்டத்துக்குள் வரும் எல்லோரின் பெயர், கடைசி முகவரி, அது பதிவான தேதி, தனிநபரா நிறுவனமா என்ற குறிப்பு. இப்போதைய வாடிக்கையாளர்கள் மட்டும் உள்ள பட்டியலைக் கொடுத்தால் வாங்கி வைத்துக்கொண்டு முழுப் பட்டியலைத் திரும்பக் கேளுங்கள். வழக்கு 6 வருடத்தைத் தழுவினால் பட்டியலும் 6 வருடத்தைத் தழுவவேண்டும், இல்லையென்றால் ஆனிஸ்டன் கதைதான்.

அடுத்து பொறுக்குவது. கம்ப்யூட்டரில் தற்செயல் எண் உருவாக்கி, எந்த மென்பொருள், எந்தத் தேதி, யார் செய்தது என்று எழுதிவையுங்கள். நீங்களாகப் பார்த்து எடுக்காதீர்கள், உங்களுக்கு ஏற்கெனவே போன் செய்தவர்களை வைத்துச் செய்யவே செய்யாதீர்கள். முடிந்தால் ஒரு புள்ளியியல் நிபுணரை வைத்து அவர் பெயரிலேயே அறிக்கை தாக்கல் செய்யுங்கள்.

எத்தனை பேர்? 100 பேரைக் கேட்டு 75 பேர் ஆம் என்றால் ஜெயித்துவிட்டதாகத் தோன்றும். வழக்கமான 95 சதவீத நம்பிக்கை அளவில் பிழை வரம்பைப் போட்டால் ஏறத்தாழ 8.5 புள்ளி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும், கீழ்எல்லை 66.5. மூன்றில் இரண்டு என்பது 66.67. ஒரு நூலிழையில் கீழே! அதே 75 சதவீதம் 400 பேரிடமிருந்து வந்தால் கீழ்எல்லை 70.8க்கு ஏறிவிடும். சிவில் நிரூபண அளவுக்கு 95 சதவீதம் தேவையில்லை என்று நீங்கள் வாதாடலாம், சரியான வாதமும்கூட, ஆனால் அந்த விவாதத்துக்கே இடம் கொடுக்காமல் இன்னும் 300 பேரைக் கேட்டுவிடுவது மேல்.

பதில் வராதவர்கள்தான் உண்மையான தலைவலி. 400 பேருக்கு எழுதி 150 பேர் பதில் போட்டால், மீதி 250 பேரும் அதே விகிதத்தில் இருப்பார்கள் என்று சொல்லமுடியாது, ஏனென்றால் கடிதம் கிடைக்காமல் போவதே இடம் மாறியவர்களுக்குத்தான். திரும்பி வந்த தபால்களை எண்ணிவையுங்கள், மறைக்காதீர்கள். பதில் தராதவர்களுக்கு ஓட்டர் பதிவு, வாகனப் பதிவு, சொத்து வரிப் பதிவு போன்ற பொது ஆவணங்களைத் தேடி நிரப்பமுடிகிறதா பாருங்கள். இவற்றில் ஓட்டர் பதிவுக்குத் தனி மதிப்பு: அமெரிக்கக் குடிமகன் என்பதையும் அந்த மாநிலத்தைத் தன் இடமாக நினைக்கிறார் என்பதையும் ஒரே தாளில் காட்டுகிறது. ஓட்டுநர் உரிமம் இரண்டாவதை மட்டும், அதுவும் ஓரளவுக்குத்தான் காட்டும்.

குடியேறிகள் அதிகம் உள்ள வேலையிடங்களில் குடிமகனா என்று கேட்டுக் கடிதம் அனுப்புவது பயத்தைக் கிளப்பும். இதை அலட்சியமாகச் செய்யாதீர்கள். பெயர் வெளியே போகாத விதத்தில் கேட்பது, மூன்றாம் நபர் நிறுவனம் மூலம் கேட்பது, பெயர்களை முத்திரையிட்ட உறையில் தாக்கல் செய்ய முன்கூட்டியே உத்தரவு வாங்குவது எல்லாம் யோசிக்கவேண்டியவை. எந்தக் கேள்வியையும் அனுப்பும் முன் சீனியர் வக்கீல் பார்த்தாரா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள், கூட்டத்தினரைத் தொடர்புகொள்வதற்கு அந்தந்த மாநில பார் கவுன்சில் விதிகளும் உண்டு.

வாக்குமூலத்தில் என்ன இருக்கவேண்டும்

நோட்டரி தேவையில்லை. 28 யு.எஸ்.சி. 1746இன்படி, பொய் சொன்னால் தண்டனை என்பதை அறிந்தே சொல்கிறேன் என்ற வாசகம், தேதி, கையெழுத்து இருந்தால் போதும். உள்ளே நான்கைந்து வாக்கியம்: நான் அமெரிக்கக் குடிமகன், வழக்குத் தாக்கலான இன்ன தேதியில் இன்ன மாநிலத்தில் வசித்தேன், அன்றைக்கு அங்கேயே காலவரையின்றி இருக்கும் எண்ணம் எனக்கு இருந்தது, அங்கே ஓட்டுப் பதிவோ, உரிமமோ, வேலையோ, சொந்த வீடோ இருந்தது. "நான் இன்ன மாநிலக் குடிமகன்" என்று சட்ட முடிவை மட்டும் எழுதிக் கையெழுத்து வாங்கினால் எதிர்த்தரப்பு அதைத்தான் முதலில் கிழிக்கும். எல்லா வாக்குமூலமும் எழுத்துக்கு எழுத்து ஒரே மாதிரி இருப்பதும் நன்றாக இருக்காது, அவரவர் விவரம் ஒன்றிரண்டாவது இருக்கட்டும்.

பிரதிவாதியின் குடியுரிமை

இது ஒப்பீட்டளவில் சுலபம். கார்ப்பரேஷன் என்றால் பதிவான மாநிலம், அத்துடன் முதன்மை வணிக இடம். பின்னதை, மேலதிகாரிகள் உட்கார்ந்து கம்பெனியை நடத்தும் தலைமையகம் என்று 2010இல் ஹெர்ட்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் முடித்துவைத்தது, எத்தனை கடை எங்கே இருக்கிறது என்று எண்ணவேண்டாம். எல்.எல்.சி. எனப்படும் வரையறுத்த பொறுப்பு நிறுவனங்கள் போன்றவற்றுக்கு சாதாரண வழக்கில் ஒவ்வொரு உறுப்பினரின் மாநிலத்தையும் தேடி அலையவேண்டியிருக்கும். காஃபாவில் அவற்றையும் பதிவான மாநிலம், முதன்மை வணிக இடம் என்றே பார்க்கவேண்டும் என்று 1332(டி)(10) சொல்வதாகப் பல கோர்ட்டுகள் எடுத்துக்கொள்கின்றன. சிரமம் யார் முதன்மைப் பிரதிவாதி என்பதில். உள்ளூர் டீலர் ஒருவரையும் வெளிமாநிலத் தயாரிப்பாளரையும் சேர்த்து வழக்குப் போட்டுவிட்டு டீலர்தான் முதன்மை என்றால் எடுபடாது.

கெடு தேதிகள்

கம்பெனிக்கு, வழக்கு மாற்றத்தக்கது என்று தெரியவரும் தாள் கையில் கிடைத்ததிலிருந்து 30 நாள். காஃபா வழக்குகளில் வழக்கமான ஓராண்டுக் கெடு பொருந்தாது, மற்ற பிரதிவாதிகளின் சம்மதமும் வேண்டியதில்லை. வாதிக்கு, விதிவிலக்கைச் சொல்லும் மனுவுக்கும் 30 நாள் கெடு பொருந்துமா என்று வாதங்கள் உண்டு. அந்த வாதத்தில் சிக்காமல் 30 நாளுக்குள் மனுவைப் போட்டுவிட்டு, ஆதாரம் சேர்க்க அவகாசமும் டிஸ்கவரி அனுமதியும் அதே மனுவிலேயே கேட்டுவிடுங்கள். உத்தரவு எப்படி வந்தாலும், மேல்முறையீட்டுக்கு அனுமதி கேட்க 10 நாள்தான், 28 யு.எஸ்.சி. 1453(சி) பிரிவின்படி. சாதாரணமாகத் திருப்பி அனுப்பும் உத்தரவுக்கு மேல்முறையீடே கிடையாது, காஃபாவில் உண்டு, ஆனால் எடுத்துக்கொள்வதா வேண்டாமா என்பது மேல் கோர்ட்டின் விருப்பம். எடுத்துக்கொண்டால் 60 நாளில் முடிக்கவேண்டும். நல்ல காரணம் இருந்தால் 10 நாள்வரை நீட்டிப்பு கிடைக்கும், எல்லாத் தரப்பும் ஒப்புக்கொண்டால் எவ்வளவு வேண்டுமானாலும் நீட்டலாம். இரண்டும் இல்லாமல் கெடு கடந்துவிட்டால் மேல்முறையீடு தள்ளுபடியானதாகவே கணக்கு.